கூடாரம் வந்தது, கம்பு வரவில்லை

அக்டோபர் 9

நிவாரணக் கிடங்குப் பொறுப்பாளர் அவர்களுக்கு,

வணக்கம். நிலநடுக்கத்தில் வீடிழந்த இருநூற்றுப் பன்னிரண்டு குடும்பங்கள் தங்கியிருக்கும் ஒரு பள்ளிக்கூட மைதானத்திலிருந்து இதை எழுதுகிறேன். நான் இந்தப் பள்ளியின் ஆசிரியை. உங்கள் அரசு அனுப்பிய கூடாரங்கள் முந்தாநாள் இங்கே வந்து சேர்ந்தன. கேட்காமலே அனுப்பியதற்கு முதலில் நன்றி.

மூட்டைகளைப் பிரித்தோம். துணி இருந்தது. கெட்டியான, நல்ல துணி. ஆனால் கயிறு இல்லை, முளை இல்லை, நிறுத்துவதற்கு ஒரு கம்புகூட இல்லை. ஒன்றிரண்டைப் பார்த்துவிட்டுச் சொல்லவில்லை. இருநூற்றிருபது மூட்டையையும் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். இப்போதைக்கு அந்தத் துணியை மடித்து விரித்துப் படுத்துக்கொள்கிறோம். நேற்று மத்தியானம் வெயிலுக்குப் பயந்து நான்கு பேர் ஆளுக்கொரு மூலையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தார்கள். கை வலித்ததும் விட்டுவிட்டார்கள்.

பள்ளிக் கட்டடம் முழுக்க விரிசல். உள்ளே போகக் கூடாதென்று கதவுக்குக் குறுக்கே பலகை அடித்திருக்கிறார்கள். இந்தப் பக்கத்தில் மழை மாதக் கடைசியில் பிடிக்கும். பிடித்தால் லேசில் விடாது. அதற்குள் கம்பு வந்தாக வேண்டும்.

ஒவ்வொரு மூட்டையிலும் கையால் எழுதிய ஒரு சீட்டு இருந்தது. இங்கே யாருக்கும் அந்த எழுத்து தெரியாததால், உங்கள் நாட்டிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். ‘முழுமையாக உள்ளது, 4-10’ என்று படித்துச் சொன்னேன். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சீட்டில் உள்ள நான்கு, கால் உடைந்த நாற்காலியைக் கவிழ்த்து வைத்ததுபோல் இருக்கிறது. எனக்குத் தெரிந்து உலகத்தில் அப்படி நான்கு போடுகிறவர் ஒரே ஒருத்தர்தான். கடிதம் அவர் கையில் சேர்ந்தால் மேற்படி விஷயத்தில் ஆவன செய்யவும்.

இப்படிக்கு,
ஆசிரியை

பின்குறிப்பு: நானும் என் கணவரும் மகளும் நலம். வீட்டில் சமையலறைச் சுவர் மட்டும் நிற்கிறது. யாராவது விசாரித்தால் சொல்லவும். விசாரிக்காவிட்டால் வேண்டாம்.

அக்டோபர் 12

அடியே,

‘அவர்களுக்கு’வாம். ‘ஆவன செய்யவும்’மாம். உனக்கு மூக்குச் சிந்திவிட்டு, பேன் பார்த்துத் தலைவாரி, பள்ளிக்கூடத்து வாசல்வரை இழுத்துக்கொண்டு போனவளுக்கு எழுதுகிற கடிதமா இது? பத்து வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டு, திறந்ததும் என் நான்கைக் கேலி பண்ணியிருக்கிறாய். இருக்கட்டும்.

உன் பின்குறிப்பை எத்தனை தடவை படித்தேன் என்று கணக்கில்லை. சேதி வந்த அன்றைக்கு ரேடியோவில் உன் ஊர்ப் பெயரைச் சொன்னான். கையில் சாதப் பாத்திரம். அப்படியே கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அங்கே தொலைபேசிக் கம்பமெல்லாம் விழுந்துவிட்டது, தந்தியும் போகாது என்று சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து போய்வந்த விமானிகள் ஒருத்தரையும் விடவில்லை. “ஒல்லியா, கண்ணாடி போட்டுக்கிட்டு, வெடுக்குவெடுக்குனு பேசுற ஒரு டீச்சரைப் பாத்தீங்களா?” என்று கேட்டுக்கேட்டு, என்னைக் கண்டாலே அவர்கள் வேறு பக்கம் நடக்க ஆரம்பித்துவிட்டார்கள். நிவாரண லாரியோடு உங்கள் முகாம்வரை வந்து உன் கடிதத்தை வாங்கிவந்த விமானி, “நீங்க சொன்ன அடையாளம் அப்படியே சரிம்மா. ரொம்ப வெடுக்குதான்” என்றார். சிரித்துக்கொண்டே அழுதேன். எழுதிவிட்டேன், போ.

இப்போது வேலை விஷயம். நான் அதே கிடங்கில்தான் இருக்கிறேன். விமான நிலையத்துக்குப் பின்னால் மூன்று கொட்டகை. எந்த நாட்டில் வெள்ளம் வந்தாலும் பூமி ஆடினாலும், அரசு உத்தரவு வந்த மறுநாள் எங்கள் பொருள் விமானத்தில் ஏற வேண்டும். கூடாரத்தின் துணி, கம்பு, முளை எல்லாம் முன்பு ஒரே நீள மூட்டையாகத்தான் கட்டுவார்கள். ஒரு மூட்டைக்கு இரண்டு ஆள். தூக்குகிறவர்கள் இடுப்பு ஒவ்வொன்றாகப் போனது. போன வருஷம் நான்தான் அதைப் பிரித்தேன். துணி தனி மூட்டை. நான்கு கூடாரத்துக்கு வேண்டிய இரும்புக் கம்பும் முளையும் கயிறும் சேர்த்து ஒரு கட்டு. அதற்கு எனக்குப் பாராட்டுக் கடிதம்கூட வந்தது. மூன்று கிடங்குக்கும் சேர்த்து ஒரே பொறுப்பாளர் போடப்போகிறார்கள், அதில் என் பெயர்தான் முதலில் இருக்கிறது.

ஆகவே கேட்டுக்கொள். இருநூற்றிருபது மூட்டை, ஐம்பத்தைந்து கட்டு, எல்லாம் ஏறியது. பதிவேட்டில் என் கையெழுத்து இருக்கிறது. எங்கள் பக்கம் தப்பே கிடையாது. உங்கள் விமான நிலையத்தில் எந்த மூலையில் போட்டுவைத்திருக்கிறார்களோ, போய்த் தேடச் சொல். எதையும் தேடிப்பார்க்காமல் என் தலையில் கட்டுவது உனக்குப் பழக்கம்தானே. அப்பா விஷயத்திலும் தபால்காரன் செய்த தாமதத்துக்கு என்னைத்தான் தள்ளிவைத்தாய்.

விமானியிடம் சோப்பு, உனக்கொரு கண்ணாடிக் கூடு, குழந்தைக்கு ஒரு கம்பளிச் சட்டை கொடுத்தனுப்பியிருக்கிறேன். பத்து வயதுக்கு எவ்வளவு உயரம் இருப்பாள் என்று தெரியவில்லை. எங்கள் மேஸ்திரியின் பெண்ணை நிற்கவைத்து அளவெடுத்தேன். பெரியம்மா என்று ஒருத்தி இருப்பதாவது அவளுக்குத் தெரியுமா?

அக்கா

அக்டோபர் 15

அக்கா,

சட்டை கை நீளம். மடித்துவிட்டுக்கொண்டு கழற்ற மாட்டேன் என்கிறாள். பெரியம்மா இருப்பது அவளுக்குத் தெரியும். எனக்கு இரண்டு கண்ணும் ஒன்றுபோல் இல்லை என்று சின்ன வயதில் சொல்லி என்னை அழவைத்தவள் என்று சொல்லியிருக்கிறேன்.

தேடச் சொன்னாய். தேடினேன். ஆளை அனுப்பாமல் நானே போனேன். ரொட்டி லாரியில் நான்கு மணி நேரம், பாலம் இடிந்த இடத்தில் இறங்கி ஆற்றைக் கடந்து வேறு லாரி. விமான நிலையத்தில் சரக்கு எழுதுகிறவர் பாவம், தன் வீடும் போய் அங்கேயே படுத்துக்கிடக்கிறார். ஆனாலும் ஏட்டைத் திறந்து விரல் வைத்துக் காட்டினார். அக்டோபர் ஐந்து, உங்கள் விமானம்: துணி மூட்டை 220. கட்டு என்ற இடத்தில் ஒரு கோடு. பிறகு கொட்டகை முழுக்க அழைத்துப்போய்க் காட்டினார். உலகத்தில் உள்ள எல்லா நாட்டுப் போர்வையும் இருந்தது. கம்பு இல்லை. உங்கள் விமானம் அங்கே இறங்கும்போதே கம்பு இல்லை, அக்கா.

இடிந்த வீட்டு மரங்களை வைத்து நிறுத்தலாமே என்று நீ கேட்பாய். இருபது கூடாரம் அப்படி நிறுத்தினோம். பாதி மரம் உளுத்தது. காற்றடித்ததும் பதினாறு விழுந்தது. ஒரு அம்மாவுக்குத் தோளில் அடி. இனி அப்படிச் செய்ய வேண்டாமென்று முகாம் அதிகாரி சொல்லிவிட்டார். என் வகுப்புப் பிள்ளைகள் கூடாரத் துணியைச் சாக்குபோல் உடம்பில் சுற்றிக்கொண்டு விளையாடுகிறார்கள். நேற்று ஒரு பெண்ணுக்கு மைதானத்திலேயே பிரசவம். இரண்டு பக்கமும் பெஞ்சை அடுக்கி, மேலே உன் துணியைப் போட்டு மறைத்தோம். தாயும் பிள்ளையும் நன்றாக இருக்கிறார்கள். இன்னும் அந்தப் பெஞ்சுக்குள்தான் இருக்கிறார்கள்.

இனி அப்பா விஷயம். நீதான் எடுத்தாய்.

தபால்காரனை விட்டுவிடு. அப்பா போனதை எழுதிய கடிதத்தில் நீ போட்டிருந்த தேதி அவர் இறந்த நாள். உறையின் மேல் உங்கள் தபால் நிலையத்து முத்திரை, அதற்கு ஒன்பதாம் நாள். எங்கள் ஊருக்கு வந்துசேர நான்கே நாள்தான் ஆகியிருந்தது. உறையைத் தூக்கிப்போடாமல் வைத்திருந்தேன். வீட்டோடு போய்விட்டது. ஆனால் எத்தனை தடவை பார்த்தேனோ, கண்ணை மூடினால் தெரியும்.

தாமதமாகப் போட்டதற்காக உன்னிடம் பேசாமல் இருந்தேன் என்றா நினைக்கிறாய்? கேட்டபோது “நான் அன்னைக்கே போட்டுட்டேன்” என்று சொன்னாயே, அதற்காகத்தான். தப்பு செய்தேன் என்று நீ சொல்லி நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. இப்போதும் நீ சொல்ல வேண்டாம். கம்பு எங்கே என்று மட்டும் பார்.

தங்கை

அக்டோபர் 18

உனக்கு,

கம்பு இங்கேதான் இருக்கிறது.

உன் கடிதத்தைப் படித்ததும் கோபம் வந்தது. கோபத்தோடுதான் சாவியை எடுத்துக்கொண்டு போனேன், உன் மூக்கை உடைக்க வேண்டுமென்று. மூன்றாவது கொட்டகையில் போர்வைக் கட்டுகளுக்குப் பின்னால் தார்ப்பாய் போர்த்தி ஏதோ இருந்தது. தூக்கிப் பார்த்தேன். ஐம்பத்தைந்து. எண்ணிவிட்டு மறுபடி எண்ணினேன். மறுபடியும் ஐம்பத்தைந்துதான்.

நடந்தது இதுதான். ஐந்தாம் தேதி காலை எட்டு மணிக்கு அமைச்சர் வந்து கொடியசைத்து விமானத்தை அனுப்புவதாக ஏற்பாடு. அவர் வரும்போது காகிதமும் கையுமாக நிற்கக் கூடாதென்று, நான்காம் தேதி சாயங்காலமே பதிவேட்டில் எல்லாம் ஏறியதாகக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். காலையில் பாதி ஏற்றும்போது, போட்டோ எடுப்பார்களே என்று ஒரு மணி நேரம் வீட்டுக்குப் போய் நல்ல துணி உடுத்திக்கொண்டு வந்தேன். அந்த ஒரு மணி நேரத்தில் விமானக்காரர்கள் எடை கூடிப்போனது, எதையாவது இறக்கு என்றிருக்கிறார்கள். மேஸ்திரி கம்பை இறக்கி, அடுத்த விமானத்துக்கென்று ஓரமாக வைத்திருக்கிறார்.

மேஸ்திரியைக் கூப்பிட்டுக் கத்தினேன். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று. அவர் மெதுவாகத்தான் சொன்னார்: “எதையும் வாயால சொல்லாதே, எழுதிக் குடுன்னு போன மாசம் நீங்கதானம்மா சத்தம் போட்டீங்க. எழுதி உங்க மேசை மேல வெச்சேன்.” போய்ப் பார்த்தேன். அமைச்சருக்குத் தேநீர் கொடுப்பதற்காக என் மேசையில் விரித்த வெள்ளைத் துணி அப்படியே கிடக்கிறது. அதற்கடியில் அந்தக் காகிதம். ‘கம்பு 55 கட்டு எறக்கி வச்சிருக்கு, அடுத்த பிளேன்ல ஏத்தணும்.’ பதினாலு நாளாக அதன் மேல்தான் நான் டம்ளர் வைத்துத் தேநீர் குடித்துக்கொண்டிருக்கிறேன்.

உடனே இயக்குநரிடம் போனேன். இவருக்கு அலுவலகத்தில் ‘சரிசரி’ என்று பெயர். யார் எதைச் சொன்னாலும் ‘சரி சரி’ என்பார், ஒன்றும் நடக்காது. இன்றைக்கு அதிசயமாக முழுசாகப் பேசினார். “இருநூற்றிருபது கூடாரம் முழுசா போயாச்சுன்னு அமைச்சர் சபையிலயே சொல்லிட்டார்மா. இப்பப் போய் குறையா போச்சுன்னு எழுதினா யார் தலை உருளும்? கூடுதல் உதவின்னு புதுசா அனுமதி கேட்டு அனுப்பிடலாம். யாருக்கும் தெரியாது.” புது அனுமதிக்கு எத்தனை நாள் என்று கேட்டேன். மூன்று வாரம் என்றார். முதலில் அனுப்பியது குறை என்று நான் எழுதிக் கொடுத்தால், பழைய அனுமதியிலேயே அடுத்த விமானத்தில் ஏற்றிவிடலாம். அனுமதி தேவையில்லை. ஆனால் பொய்க் கையெழுத்துக்கு விசாரணை வரும். பொறுப்பாளர் பதவி போகும். இருக்கிற வேலையும் என்ன ஆகுமோ.

இருபத்தாறு வருஷம் ஒரு ஊசி குறைந்ததில்லை என் கிடங்கில். உனக்குத் தெரியும். வீடு, அப்பா, இந்தக் கிடங்கு, இதைத் தவிர நான் எதைப் பார்த்தேன்? எழுதிக் கொடுக்க மாட்டேன் என்று சொல்லவில்லை. ஒரு நாள் யோசித்துக்கொள்கிறேன்.

மழை எப்போது வரும் என்று சரியாகச் சொல்.

அக்கா

அக்டோபர் 20

அக்கா,

மழை எப்போது என்று கேட்டாய். இன்று காலை வந்துவிட்டது. பத்து நாள் முன்னாலேயே.

பெரிய மழை இல்லை, தூறல்தான். அரை மணி நேரம் பெய்து நின்றது. இருநூற்றுப் பன்னிரண்டு குடும்பமும் உன் துணியைத் தலைக்கு மேல் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது. துணி மேல் மழை விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. பெஞ்சுக்குள் இருக்கிற குழந்தைக்கு ஆறு நாள். அதற்கு இன்றைக்கு இருமல்.

முகாம் அதிகாரி என்னிடம் எழுத்து மூலம் அறிக்கை கேட்டார். என்ன வந்தது, என்ன வரவில்லை, சீட்டில் என்ன எழுதியிருக்கிறது, எழுதியது யார். உங்கள் நாட்டுத் தூதரகத்துக்கு அனுப்பப்போகிறார். அது சுற்றி உங்கள் அலுவலகத்துக்கு வர எத்தனை நாளோ. எல்லாம் உள்ளபடி எழுதிக் கொடுத்தேன். கடைசிக் கேள்விக்கு மட்டும், ‘எழுதியவர் யாரென்று எனக்குத் தெரியாது’ என்று எழுதினேன்.

என் வகுப்பில் பொய் சொல்கிற பிள்ளையை எழுந்து நிற்கவைப்பேன். இன்று நானே நிற்க வேண்டும். ஒரு நாள் யோசிக்கிறேன் என்றாய். யோசி. நான் உன்னை அவசரப்படுத்தவில்லை. இந்த மழைதான் அவசரப்படுத்துகிறது.

தங்கை

அக்டோபர் 20

வாலு,

இந்தப் பெயரில் உன்னைக் கூப்பிட்டு எத்தனை நாளாயிற்று.

எழுதிக் கொடுத்துவிட்டேன். நேற்றுக் காலையில். ஒரு பக்கம்தான் வந்தது. ‘கம்பு ஏறாமலே ஏறியதாகக் கையெழுத்திட்டேன். தவறு என்னுடையது. மேஸ்திரியின் மேல் தவறில்லை’ என்று. மூன்று தடவை கிழித்துப்போட்டு நாலாவது தடவை எழுதினேன். இயக்குநர் வாங்கிப் படித்தார். இந்தத் தடவை ‘சரி சரி’ என்று சொல்லவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, “நீங்களாவா இப்படிப் பண்ணீங்க?” என்றார். நான்தான் என்றேன். சொல்லிவிட்ட பிறகு பார், அவ்வளவு பெரிய வார்த்தை இல்லை அது. நாற்பத்தெட்டு வயதுவரை எதற்காக வாய்க்குள்ளேயே வைத்திருந்தேன் என்று தெரியவில்லை.

பட்டியலிலிருந்து என் பெயரை எடுத்துவிட்டார்கள். விசாரணை முடியும்வரை பழைய கோப்பு வைக்கிற அறையில் ஒரு நாற்காலி. நாளைக் காலை கம்பு ஏறுகிறவரைக்கும் மட்டும் கிடங்குச் சாவி என்னிடம் இருக்கட்டும் என்று கேட்டுக்கொண்டேன், விட்டார்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஒன்றைச் சொன்ன வாயால் அடுத்ததையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் மறுபடி மூடிக்கொள்ளும்.

அப்பா போன அன்றைக்கு, சின்னவளுக்குத் தந்தி கொடுக்க வேண்டுமே என்று சித்தப்பா கிளம்பினார். நான் கொடுத்துக்கொள்கிறேன் என்று நான்தான் தடுத்தேன். கொடுக்கவில்லை. கடிதம் எழுதினேன். அன்றைக்கே, அவர் பக்கத்தில் உட்கார்ந்து எழுதினேன். உறையில் போட்டு, தபால்தலை ஒட்டி, கைப்பையில் வைத்துக்கொண்டேன். எட்டு நாள் அந்தத் தபால்பெட்டியைத் தாண்டித்தான் வேலைக்குப் போனேன். ஒன்பதாம் நாள் வேறொரு கடிதம் எழுதி, பழைய தேதியைப் போட்டு, அதைப் போட்டேன். உனக்குக் கிடைத்தது அதுதான்.

உனக்கு ஏழாம் மாதம், முன்பே ஒன்று கலைந்திருந்தது, டாக்டர் பயணம் கூடாதென்று சொல்லியிருந்தார், அதனால்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது சாக்கு. உண்மை என்னவென்றால், ஆறு வருஷம் அவரைத் தூக்கிக் குளிப்பாட்டி, சோறு ஊட்டி, மாத்திரை கொடுத்தவள் நான். கடைசி நாள் முழுக்க அவர் கேட்டது “சின்னவ வந்துட்டாளா?” என்றுதான். நான் பக்கத்தில்தான் இருந்தேன். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. உன் மேல் எனக்கு அவ்வளவு எரிச்சல் வந்தது. நீ வந்தால் அதை உன்னிடம் சொல்ல வேண்டுமே, அந்த வார்த்தையையும் நீ எடுத்துக்கொண்டு போய்விடுவாயே என்று இருந்தது. அதனால் அதை உனக்குக் கொடுக்காமல் வைத்துக்கொண்டேன். பத்து வருஷமும் நானே வைத்துக்கொண்டு என்ன செய்தேன், சொல்லு?

போடாத கடிதம் இன்னும் என்னிடம் இருக்கிறது. இதோடு வைத்திருக்கிறேன். நான் பிரிக்கவில்லை. நீயும் இப்போது பிரிக்காதே. கூடாரமெல்லாம் நின்ற பிறகு பிரி.

21, காலை. அன்றைக்கு இருநூற்றிருபது மூட்டையையும் முதல் நாள் சாயங்காலமே எழுதித் தீர்த்தவள், இன்றைக்கு விமானத்தின் வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். ஒவ்வொரு கட்டும் உள்ளே போகப்போக ஒரு கோடு. மேஸ்திரி, “அம்மா, நான் எழுதித் தரட்டுமா, வாயால சொல்லட்டுமா?” என்றார். ரெண்டும் பண்ணுங்க என்றேன். ஐம்பத்தைந்து. சரக்குக் கதவை மூடிய பிறகுதான் கையெழுத்துப் போட்டேன். போட்டோ எடுக்க யாரும் வரவில்லை, நேற்றுப் போட்ட துணிதான் போட்டிருக்கிறேன். விமானி படியில் நின்று கையை நீட்டுகிறார்.

அக்கா

அக்டோபர் 24

அக்கா,

கம்பு இருபத்தொன்றாம் தேதி சாயங்காலம் வந்தது. ஆற்றில் தண்ணீர் கூடிவிட்டதால் லாரி அந்தப் பக்கமே நின்றுவிட்டது. நம் ஆட்கள் வரிசையாகத் தண்ணீரில் இறங்கி நின்று கைமாற்றிக் கைமாற்றி ஐம்பத்தைந்து கட்டையும் இந்தப் பக்கம் கொண்டுவந்தார்கள். நீ தனித்தனியாகக் கட்டியதால்தான் முடிந்தது. பழைய நீள மூட்டையாக இருந்தால் ஆற்றோடு போயிருக்கும். இதை விசாரணையில் சொல்லு. நான் எழுதியும் கொடுக்கிறேன்.

மறுநாள் மத்தியானத்துக்குள் இருநூற்றுப் பன்னிரண்டும் நின்றுவிட்டது. மீதி எட்டில் நான்கு என் வகுப்பு. முதலில் நிறுத்தியது பெஞ்சுக் குழந்தைக்கு. இருமல் குறைந்திருக்கிறது. நேற்றுதான் பெரிய மழை. விடாமல் பெய்தது. நான் ஒவ்வொரு கூடாரமாகப் போய்த் தலையை நீட்டிப் பார்த்தேன். ஒன்றில் சீட்டாட்டம், ஒன்றில் சண்டை, ஒன்றில் குறட்டை. எல்லாம் நனையாத சத்தம். என் வீட்டுக்காரருக்கு முளை அடித்து அடித்துக் கை வீங்கியிருக்கிறது. “உங்க அக்கா என்னைப் பத்து வருஷமா அடிக்கணும்னு இருந்தாங்க, இப்ப சுத்தியலை அனுப்பி அடிச்சிட்டாங்க” என்கிறார்.

முகாம் அதிகாரியிடம் போய் என் அறிக்கையைத் திருத்திக் கொடுத்தேன். ‘சீட்டில் உள்ள கையெழுத்து என் அக்காவுடையது. தவறை அவரே முன்வந்து சொல்லி, கம்பையும் அனுப்பினார்’ என்று. இனி என் வகுப்பில் நான் உட்காரலாம்.

பிறகு அந்த உறையைப் பிரித்தேன். நம் மேசை விளக்கடியில் வைத்து நீ எழுதுகிற அதே எழுத்து. தபால்தலை ஒட்டியிருக்கிறது, அதன் மேல் முத்திரை மட்டும் இல்லை. நீ என்ன எழுதினாய் என்று உனக்கே மறந்திருக்கும், அதனால் சொல்கிறேன். ஐந்து வரிதான்.

‘அப்பா இன்று காலை ஆறு மணிக்குப் போய்விட்டார். வலியில்லாமல் போனார். நேற்று முழுக்க உன்னைத்தான் கேட்டார். நீ வந்தால்தான் என்னால் அழ முடியும் போலிருக்கிறது. உடனே கிளம்பி வா.’

படித்துவிட்டுக் கூடாரத்துக்கு வெளியே மழையில் கொஞ்ச நேரம் நின்றேன். உள்ளே நின்று அழுதால் பிள்ளைகள் பயந்துவிடுவார்கள்.

உன் மேல் கோபம் போய்விட்டது என்று நினைக்காதே. போகவில்லை. அப்பா கேட்டது பத்து வருஷம் எனக்குத் தெரியாமலே போனதே, அதை நினைத்தால் வயிறு எரிகிறது. ஆனால் அந்தக் கோபத்தை வைத்துக்கொண்டு இங்கே எழுதிக்கொண்டிருக்க முடியாது. நேரில் வந்து உன்னிடம் கத்த வேண்டும், நீ கத்த வேண்டும், பிறகு இரண்டு பேரும் உட்கார்ந்து அழ வேண்டும். அடுத்த மாதம் பதினெட்டாம் தேதி பயணிகள் விமானம் தொடங்குகிறதாம். மூன்று பேருக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். உன் மகள் நீ பின்னுகிற சட்டைக்குச் சரியான அளவோடு வருகிறாள்.

இனி உன் கடிதத்துக்குப் பதில்.

அக்கா,
அப்பா போன செய்தி இன்று கிடைத்தது. உடனே கிளம்பி வருகிறேன். நான் வரும்வரை அழாதே.

வாலு